கேத்தே கொல்விற்ஸ்: பதினெட்டு வருடம் எடுத்த இரண்டு சிலைகள்

பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ எண்டொரு ஊர். முதலாம் உலகப் போரில் இறந்த 25 ஆயிரத்துக்கும் அதிகமான ஜேர்மன் படையினரைப் புதைத்த மயானம் ஒன்று அங்கே இருக்கிறது. மரங்களுக்குக் கீழே தட்டையான கல்லறைக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் பல பெயர்கள். மயானத்தின் ஒரு முனையில் கருங்கல்லால் செய்த இரண்டு உருவங்கள் முழந்தாளில் இருக்கின்றன. ஒன்று தகப்பன். கைகளைத் தன் உடம்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருக்கிறார். மற்றது தாய். அவர் நன்றாகக் குனிந்துபோய் இருக்கிறார். இரண்டு பேரும் பக்கத்தில்தான், ஆனால் ஒருவரை ஒருவர் தொடவில்லை. அவர்களுக்கு முன்னால் இருக்கிற கற்களில் ஒன்றில் பேற்றர் கொல்விற்ஸ் எண்ட பெயரும் இருக்கிறது.

இதைச் செய்த கேத்தே கொல்விற்ஸ் அந்த மகனின் தாய். மகன் இறந்தபோது அவனுக்கு வயது 18. இந்தச் சிலைகளைச் செய்து முடிக்கத் தாய்க்கும் ஏறக்குறைய 18 வருடங்கள் எடுத்தன. நாங்கள் இவற்றைப் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். பார்த்த நேரத்தில் இருந்து எங்களை விடாத கேள்வி ஒன்றுதான்: மகனுக்காகச் செய்த நினைவுச் சின்னத்தில் மகன் ஏன் இல்லை?

இதுக்குப் பதில் தேடவேண்டுமெண்டால் அவர் படம் கீறத் தொடங்கின காலத்துக்குப் போகவேண்டும்.

கேத்தே 1867இல் கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர். தகப்பன் சட்டம் படித்தவர், ஆனால் தன்னுடைய அரசியல் கொள்கைகளால் அந்தத் தொழிலுக்குப் போகாமல் மேசனாகி, பிறகு வீடு கட்டும் தொழிலுக்கு வந்தவர். மகளின் திறமையைக் கண்டு சின்ன வயதிலேயே ஆள் வைத்துப் படம் கீறப் பழக்கினார். அந்தக் காலத்தில் ஜேர்மனியின் கலை அக்கடமிகளில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே பேர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென்று தனியாக இருந்த ஓவியப் பள்ளிகளில்தான் அவர் படித்தார். போனது ஓவியராக, வர்ணம் தீட்டுகிற ஓவியராக வரவேண்டும் எண்டுதான்.

ஆனால் நிறம் அவருக்குச் சரிவரவில்லை. மக்ஸ் கிளிங்கர் எண்ட ஓவியரின் அச்சுப் படத் தொடர் ஒன்றை மாணவியாக இருக்கும்போதே பார்த்திருந்தார். பிறகு கிளிங்கர் எழுதின ஒரு சின்ன நூலும் கையில் கிடைத்தது. உலகத்தின் அழகைக் காட்ட வர்ண ஓவியம் பொருத்தமானது, வாழ்க்கையின் இருண்ட பக்கத்தைச் சொல்லக் கோட்டோவியமும் அச்சுப்படமுமே பொருத்தமானவை எண்டது அதன் சாரம். கொல்விற்ஸ் தன்னுடைய பாதை எது எண்டதை அதில் கண்டுகொண்டார். நிறத்தை விட்டார். இது அவர் விட்ட முதலாவது விஷயம்.

1891இல் கார்ல் கொல்விற்ஸ் எண்ட டொக்டரைக் கலியாணம் செய்து பேர்லினுக்கு வந்தார். தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த வட பேர்லின் பகுதி அது. கார்ல், தையல் தொழிலாளர்களின் மருத்துவக் காப்புறுதி நிதியத்தின் டொக்டர். சிகிச்சை அறையும் வீடும் ஒரே கட்டடத்தில். கேத்தே முதலில் வீட்டிலேயே வேலை செய்தார். டொக்டரிடம் வாற பெண்கள் பலர் அவரிடமும் வந்து கதைத்துவிட்டுப் போவார்கள். வேலையில்லாத புருஷன், குடி, அடி, நோய்ப்பட்ட பிள்ளை, வேண்டாத கர்ப்பம். அவருடைய படங்களில் வாற பெண்கள் இந்தப் பெண்கள்தான்.

ஒரு விஷயத்தை அவர் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தொழிலாளர்களைக் கீறத் தொடங்கினது இரக்கத்தால் இல்லை, அவர்கள் அவருக்கு அழகாகத் தெரிந்தார்கள். கோனிக்ஸ்பேர்க் துறைமுகத்தில் சின்ன வயதில் பார்த்த சுமை தூக்கும் ஆட்களின் அசைவுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. அவர்களின் வாழ்க்கையின் கஷ்டம் பிறகுதான், கார்லின் நோயாளிகள் மூலமாகத்தான், அவருக்குள் இறங்கியது. 'சமூக அக்கறை உள்ள கலைஞர்' எண்டு ஒரு சொல்லில் அவரை முடித்துவிடுகிற எங்களுக்கு இது நல்ல பாடம். முதலில் கண் பார்த்தது, பிறகுதான் மனம் போனது.

1893இல் கெர்ஹார்ட் ஹவுப்ற்மனின் 'நெசவாளர்கள்' நாடகத்தைப் பார்த்தார். 1844இல் சிலேசியாவில் நடந்த நெசவாளர் கிளர்ச்சி பற்றிய நாடகம். அப்போது செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே தூக்கி வைத்துவிட்டு நெசவாளர் தொடரைத் தொடங்கினார். ஆறே ஆறு படங்கள். ஆனால் 1897 வரை இழுத்தது. ஆறையும் எச்சிங்காக, அதாவது செப்புத் தகட்டில் கீறி அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுக்கிற முறையில், செய்யத்தான் விரும்பினார். கை அதுக்கு இன்னும் பழகவில்லை. அதனால் முதல் மூன்றையும் கல்லச்சில் செய்தார், பிறகு மூன்றை எச்சிங்கில். 1898இல் காட்சிக்கு வைத்தபோது நடுவர் குழு அவருக்குப் பதக்கம் கொடுக்கப் பரிந்துரை செய்தது. கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதை மறுத்துவிட்டார்.

அவருடைய வேலைமுறை கடைசிவரை இப்படித்தான் இருந்தது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் கீறுவார். அச்செடுத்த தாளின் மேலேயே கரியாலும் வெள்ளையாலும் திருத்துவார். சரிவராவிட்டால் தகட்டையே கைவிட்டு வேறு முறையில் தொடங்குவார். மொடலுக்கு ஆள் கிடைக்காத நேரம் கண்ணாடிக்கு முன்னால் தானே இருப்பார். நூறளவில் தன்னுருவப் படங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் தன்னை அழகாக்கிக் காட்டவில்லை.

1903இல் செய்த எச்சிங் ஒன்று: 'இறந்த பிள்ளையுடன் பெண்'. சப்பாணி கட்டி இருக்கிற பெண், செத்த பிள்ளையைத் தன் உடம்புக்குள் அமத்திக்கொண்டு, முகத்தை அவன் நெஞ்சில் புதைத்திருக்கிறார். பார்க்கவே பயமாக இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மொடல் கேத்தேயேதான். பிள்ளைக்கு மொடல் அவருடைய இளைய மகன் பேற்றர், அப்போது 7 வயது. அவனைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக் கீறியிருக்கிறார். 1907இல், விவசாயிகள் போர் தொடரில், இன்னொரு படம். இரவு, போர்க்களம், தரை முழுக்கப் பிணங்கள். ஒரு தாய் விளக்கோடு குனிந்து ஒரு பெடியனின் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறார். 1525இல் நடந்த போரைப் பற்றின படம்தான் அது. ஆனால் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு பார்க்கிற எங்களுக்கு அப்படித் தெரிவதில்லை.

1914 ஓகஸ்டில் போர் தொடங்கியது. பேற்றர் தொண்டனாகச் சேர விரும்பினான். வயது 18 எண்டபடியால் தகப்பனின் அனுமதி வேண்டும். கார்ல் மறுத்தார். பேற்றர் தாயைப் பார்த்தான். கேத்தே எழும்பி நிண்டு அவனுக்காகக் கதைத்தார், கார்ல் இணங்கினார். ஒக்டோபர் 22ஆம் திகதி இரவு, பெல்ஜியத்தில், பேற்றர் கொல்லப்பட்டான். களத்துக்குப் போய் இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

கேத்தேயின் நாட்குறிப்புகளில் இந்தக் குற்ற உணர்வு பல வருடங்களுக்குக் கிடக்கிறது. மகன் இறந்தது ஒரு துயரம். போகவிடச் சொல்லிக் கேட்டது தான் எண்டது இன்னொன்று. மகனின் அறையை அவன் விட்டுப்போனபடியே வைத்திருந்தார். அங்கே போய் இருந்து அவனோடு கதைப்பார். அந்த வருடம் டிசம்பரிலேயே நினைவுச் சின்னம் செய்யிறது எண்டு முடிவெடுத்தார்.

முதல் திட்டத்தில் மகன் இருந்தான். நீட்டி நிமிர்ந்து கிடக்கிற மகன், தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய். போருக்குத் தாங்களாகவே போய் இறந்த எல்லா இளைஞருக்குமான சின்னமாக அது இருக்கவேண்டும் எண்டு நினைத்தார். அந்த நாட்களில் 'தியாகம்' எண்ட சொல்லை அவரும் நம்பினார். நம்பாவிட்டால் மகனின் சாவுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும், அவனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் எண்ட பயம். இந்த இடத்தில் எங்களுக்குப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. இப்படியான பயத்தோடு வாழ்கிற தாய்மாரை நாங்களும் அறிவோம்.

போர் நீள நீள நம்பிக்கை கழன்றது. 1918 ஒக்டோபரில், தோல்வி நிச்சயமான நேரத்தில், கவிஞர் ரிச்சார்ட் டேமல் கடைசியாக ஒரு தடவை தொண்டர்களை அழைத்தார். கேத்தே பத்திரிகையில் அவருக்குப் பகிரங்கமாகப் பதில் எழுதினார்: செத்தது போதும், இனி ஒருவரும் விழக்கூடாது. 1919இல் நினைவுச் சின்னத்தின் வேலையையும் கைவிட்டார்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. 1919 ஜனவரியில் புரட்சித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ற் கொல்லப்பட்டபோது, குடும்பத்தினர் கேட்டு, பிண அறையில் போய் அவரைக் கீறினார். அந்த நினைவுப் படத்தை எச்சிங்கில் முயன்றார், கல்லச்சில் முயன்றார், இரண்டும் திருப்தியில்லை. 1920இல் ஏர்ன்ஸ்ற் பார்லக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தபிறகுதான் வழி தெரிந்தது. ஐம்பதைத் தாண்டின வயதில் புதிதாக மரம் செதுக்கப் பழகினார். மரத்தில் சாம்பல் நிறம் கிடையாது. ஒன்றில் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. நுணுக்கமான விவரங்கள் தாமாகவே உதிர்ந்துபோகும்.

அந்த முறையில் வந்ததுதான் ஏழு படங்கள் கொண்ட 'போர்' தொடர், 1921-22இல் செய்தது. இதில் சண்டைக் காட்சியே இல்லை. எதிரி இல்லை, துவக்கு இல்லை, கொடி இல்லை. பிள்ளையை நீட்டிக் கொடுக்கிற தாய், சாவு மேளம் அடிக்கப் பின்னால் போகிற பெடியள், கட்டிப்பிடித்து அழுகிற பெற்றோர், விதவைகள், பிள்ளைகளை நடுவில் வைத்து வட்டமாக நிற்கிற தாய்மார். போரை விட்டுவிட்டு, போர் வீட்டுக்குள் வந்து செய்ததை மட்டும் வைத்துக்கொண்டார். இது அவர் விட்ட இரண்டாவது விஷயம். முதலாவது படமான 'பலி'யை 1931இல் சீன எழுத்தாளர் லூ சுன், கொல்லப்பட்ட தன்னுடைய இளம் நண்பரின் நினைவாக ஷங்காயில் ஒரு சஞ்சிகையில் வெளியிட்டார். அந்தத் தாய் எந்த நாட்டுத் தாய் எண்டு அங்கே விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

1920களின் நடுவில் கேத்தே திரும்பவும் மகனின் சின்னத்துக்கு வந்தார். 1926இல் கணவரோடு பெல்ஜியம் போய் மயானத்தைப் பார்த்தார். இந்த முறை மகனின் உருவம் இல்லை, பெற்றோர் மட்டும். மகன் கல்லறைக்குள் இருக்கிறான், அவனைத் திரும்பவும் கல்லில் செய்து கிடத்தத் தேவையில்லை. எங்களுக்குப் படுவது என்னவெண்டால், மகனைக் கிடத்தினால் பார்க்கிறவர்கள் ஒரு வீரனைப் பார்ப்பார்கள், அவனை எடுத்தபிறகு பார்க்க இருக்கிறது அவனை அனுப்பினவர்களைத்தான். தகப்பனுக்குக் கார்லின் சாயல், தாய்க்குத் தன்னுடைய சாயல். முழந்தாளில் இருக்கிறது வணக்கமா, மன்னிப்பா? இரண்டும்தான் எண்டு நாங்கள் நினைக்கிறோம். 1932 ஜூலையில் சிலைகள் பேற்றரின் மயானத்தில் நிறுவப்பட்டன. பிற்காலத்தில் கல்லறைகளை விளாட்ஸ்லோவுக்கு மாற்றியபோது சிலைகளும் கூடவே போயின.

அடுத்த வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாசிகளுக்கு எதிராக இடதுசாரிகள் ஒன்றுபடவேண்டும் எண்ட அறிக்கையில் கையெழுத்து வைத்ததால், 1919இல் பிரஷ்யக் கலை அக்கடமிக்குத் தெரிவான அவர் அங்கேயிருந்து விலக வைக்கப்பட்டார். அங்கே இருந்த ஸ்ரூடியோவும் போனது. 1936இல் கெஸ்ராப்போ வீட்டுக்கு வந்து விசாரித்தது. படங்களைக் காட்சிக்கு வைக்க வழியில்லாமல் போனது. வேறிடத்தில் ஒரு சின்ன ஸ்ரூடியோ எடுத்து வேலையைத் தொடர்ந்தார்.

1942இல் கடைசிக் கல்லச்சு. ஒரு வயதான தாய் தன் கைகளையும் மேலங்கியையும் விரித்து மூன்று பெடியளை மூடி வைத்திருக்கிறார். பெடியள் வெளியே போகத் துடிக்கிறார்கள். அவர் விடுவதாக இல்லை. விதைத் தானியத்தை அரைக்கக்கூடாது எண்டதுதான் படத்தின் பெயர், கோத்தேயிடம் இருந்து எடுத்தது. 1918இல் பத்திரிகைக்கு எழுதின பதிலையும் இந்த வரியால்தான் முடித்திருந்தார். அதே 1942இல் அவருடைய பேரன் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். அவனுக்கும் பெயர் பேற்றர்தான். 1943 நவம்பரில் குண்டுவீச்சில் பேர்லின் வீடு அழிந்தது, அச்சுகளும் கடிதங்களும் அதோடு போயின. போர் முடியச் சில நாட்கள் இருக்கும்போது, 1945 ஏப்ரல் 22இல், ட்ரெஸ்டனுக்குப் பக்கத்தில் மொரிற்ஸ்பூர்க்கில் இறந்தார்.

1993இல் ஜேர்மன் அரசு, மகனை மடியில் வைத்திருக்கிற தாயாக அவர் செய்த ஒரு சிலையைப் பெருப்பித்துப் பேர்லினில் தேசிய நினைவிடத்தில் வைத்தது. அவர் செய்தது 38 சென்ரிமீற்றர் உயரம்தான். கொலையுண்ட யூதர்களையும் கொல்லப்பட்ட பெண்களையும் இந்தத் தாய்-மகன் உருவம் எப்படிக் குறிக்கும் எண்டு அப்போதே எதிர்ப்பு எழும்பியது. நியாயமான கேள்வி. ஒரு வீட்டின் துக்கத்தைப் பெருப்பித்தால் அது நாட்டின் துக்கம் ஆகிவிடாது.

இறந்தவர்களை விதை எண்டு சொல்கிற மொழி எங்களுக்கும் தெரிந்த மொழிதான். கொல்விற்ஸும் விதை எண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்கு விதை எண்டது உயிரோடு இருக்கிற பிள்ளை. அதை அரைக்காமல் வைத்திருக்கிறது பெரியவர்களின் பொறுப்பு. தான் அந்தப் பொறுப்பில் தவறினதை ஒத்துக்கொள்ள அவருக்குப் பதினெட்டு வருடம் தேவைப்பட்டது. அந்த ஒப்புதல்தான் மகன் இல்லாத அந்த இரண்டு சிலைகள்.