ஜங்கிப்பூரிலிருந்து பெருங்காமநல்லூர் வரை: கைரேகை வந்த வழி

ரேஷன் கடையில் கட்டைவிரலை வைக்கிறோம், அரிசி கிடைக்கிறது. பத்திரப் பதிவுக்கும் அதே விரல்தான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் ‘ரேகைச் சட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

இந்த வழக்கம் ஒரு வியாபாரத்தில் தொடங்கியது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரக்கு தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை ஒப்பந்தத் தாளில் பதியவைத்தார். பின்னாளில் ‘நான் கையெழுத்தே போடவில்லை’ என்று அவர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் காட்டிய பூச்சாண்டி அது.

ஹெர்ஷலின் கைரேகைச் சேகரிப்பு லண்டனில் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனிடம் போனது. 1892இல் அவர் கைரேகையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். குவிந்து கிடக்கும் ரேகைகளில் வேண்டியதைத் தேடி எடுக்கும் கணக்கைக் கல்கத்தாவில் வகுத்தவர்கள் அஜிஜுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போய்விட்டது. ‘ஹென்றி முறை’ 1901இல் ஸ்காட்லாந்து யார்டுக்குள் நுழைந்தது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்கும் கைரேகை போனது. அங்கே ஆசியர்கள் எல்லோரும் ரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906இல் காந்தியின் சத்தியாகிரகம் பிறந்தது. தம்பி நாயுடுவும் தமிழர் பலரும் சிறை சென்றார்கள்.

அதே மை மதுரைக்கும் வந்தது. 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் (உசிலம்பட்டிப் பெரியவர்களின் ‘ரேகைச் சட்டம்’ இதுதான்), 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்து, ஊர் ஊராக ஆண்களின் ரேகையை எடுத்தார்கள். இரவானால் காவல்துறை சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். திருடியவன், உழுதவன் என்ற பேதமே கிடையாது.

என்னை உறுத்துவது இதைச் செய்த கைகள்தான். முன்சீப் பட்டியல் எழுதினார். கான்ஸ்டபிள் விரலைப் பிடித்து மையில் உருட்டினார். எழுத்தர் எண் போட்டார். பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். கொடுமையைக் கூறுபோட்டுப் பங்கிட்டதால், அவரவர் பங்கு அவரவருக்கு வெறும் அலுவலாகத் தெரிந்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் இதைச் சோதித்தார். அடுத்தவருக்கு மின்னதிர்ச்சி தரும் விசையைத் தாமே அழுத்தச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள். விசையை வேறொருவர் அழுத்த, இவர்கள் கூடமாட உதவினால் போதும் என்றபோது 40 பேரில் 37 பேர்! அதிர்ச்சி பொய்யானது, அவர்களுக்கு அது தெரியாது. அந்த 37 பேரின் இடத்தில்தான் நம் முன்சீப்பும் எழுத்தரும் இருந்தார்கள்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ரேகை தர மறுத்தது. போலீஸ் சுட்டது. குண்டடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மாயக்காள் உட்பட 16 பேர் இறந்ததாக ஊரார் சொல்கிறார்கள். இந்த மக்களுக்காக மதுரையில் வாதாடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடினார்கள். அவரும் சட்டம் படித்தவர்தான், அதே ஊரில் அதே கச்சேரிகளில் நடமாடியவர்தான். மறுத்து நிற்க முடியும் என்பதற்கு அவர் போதும்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் நீங்கியது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆனது. பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று அஞ்சலி நடக்கிறது. அரசு வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஒரு முறை அங்கே அழைத்துப் போங்கள்.