சக்திமான்: நிறைவும் பார்வையாளர் எதிர்வினையும்

தூர்தர்ஷனில் 1997 செப்டம்பர் 13 முதல் 2005 மார்ச் வரை ஒளிபரப்பான இந்தி மீநாயகத் தொடர். முகேஷ் கன்னா சக்திமானாகவும், அப்பாவிப் புகைப்படக்காரர் கங்காதராகவும் நடித்தார். ஆதரவு குறைந்ததால் தொடர் நிற்கவில்லை, ஒளிபரப்புக் கட்டணம் ஏறியதே காரணம் என அவர் பேட்டிகளில் கூறியுள்ளார். சிறுவர்கள் அந்த நிறுத்தத்தை முடிவாகவே ஏற்கவில்லை. ஞாயிறுதோறும் காத்திருந்த அந்தத் தலைமுறை, பெரியவர்களான பின்னும் மீதிக் கதையைக் கேட்டது. அது வெறும் பழைய நினைவின் ஏக்கமல்ல, நியாயமான உரிமைக்குரல். 2013இல் சக்திமானை வைத்து ஒரு தொலைப்படம் வந்தது. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் பழைய பகுதிகளை மறுஒளிபரப்பியது. 2022இல் சோனி நிறுவனம் தொடரைத் திரைப்படமாக்கப்போவதாக அறிவித்ததும், அடுத்த சக்திமான் யார் என்ற வாக்குவாதம் சூடுபிடித்தது. ரன்வீர் சிங்கின் பெயர் அடிபட்டபோது கன்னாவே வெளிப்படையாக எதிர்த்தார்.