தொலைந்து மீண்ட பதில்: ஏஎஸ்/400 கணினியில் வலையமைப்பு லேசர் அச்சின் வளர்ச்சி

ஐபிஎம் நிறுவனம் 1988 ஜூன் 21 அன்று அறிமுகப்படுத்திய ஏஎஸ்/400, பெருங்கணினிக்கும் தனிக்கணினிக்கும் இடைப்பட்ட நடுத்தர வகைக் கணினி. மின்னசோட்டா மாநிலத்து ராசெஸ்டரில் உருவான அது, முன்னோடிகளான சிஸ்டம்/36, சிஸ்டம்/38 ஆகியவற்றின் ட்வினாக்ஸ் கேபிளையும் தொடர்ந்தது. ஒரு தடத்தில் ஏழு சாதனங்கள்; 5,000 அடி வரை நீளம்; நொடிக்கு 10 லட்சம் பிட் வேகம். இந்தக் கேபிளில் இணைந்த அச்சுப்பொறி கணினிக்குப் பதில் சொல்லும். தாள் தீர்ந்தால் இயக்குநரின் திரையில் செய்தி வந்துவிடும். வலையமைப்பு வந்தபோது அந்தப் பதில் எப்படித் தொலைந்தது, எப்படி மீண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1984இல் வெளிவந்த எச்பி லேசர்ஜெட், நிமிடத்துக்கு 8 பக்கம் அச்சிட்டது. அது அறிந்தது ஆஸ்கி எழுத்துக் குறியீடும் பிசிஎல் என்னும் கட்டளை மொழியும். ஏஎஸ்/400 அனுப்பியதோ எப்சிடிக் குறியீட்டில் அமைந்த எஸ்சிஎஸ் தரவு. முதலில் இடையே ஒரு மாற்றிப் பெட்டி வைத்தார்கள்; அல்லது ஒரு தனிக்கணினியை ஐபிஎம் அச்சுப்பொறி போல இயங்கச் செய்து, அதன் பின்னால் லேசரை மாட்டினார்கள். பிறகு ‘ஹோஸ்ட் பிரின்ட் டிரான்ஸ்ஃபார்ம்’ வந்து, மொழிமாற்றம் இயங்குதளத்துக்குள்ளேயே நடக்கத் தொடங்கியது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய நகர்வு இதுதான். அதன்பின் அச்சுப்பொறியின் வகையைக் கட்டளையில் குறிப்பிட்டாலே போதும் என்றானது.

1991இல் லேசர்ஜெட் 3எஸ்ஐ வலையமைப்பில் நேரடியாக இணைந்தது. 1994இல் ஏஎஸ்/400இன் இயங்குதளமான ஓஎஸ்/400இன் 3ஆம் பதிப்பு, தனிக் கட்டணமின்றி டிசிபி/ஐபி வசதியோடு வந்தது. இரண்டும் சந்தித்த இடம் எல்பிஆர் நெறிமுறை. பெர்க்லி யூனிக்ஸில் பிறந்து, 1990இல் ஆர்எஃப்சி 1179 ஆகப் பதிவான இதில், தொலை வெளியீட்டு வரிசை ஒன்றை உருவாக்கி அச்சுப்பொறியின் ஐபி முகவரியைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

எளிமைக்குக் கொடுத்த விலை பெரிது. கோப்பு எத்தனை பைட் என்பதை முன்கூட்டியே சொல்லும்படி எல்பிஆர் அமைந்திருந்தது. ஆகவே ஆயிரம் பக்க அறிக்கையானாலும் முழுவதையும் மாற்றி முடித்த பின்புதான் முதல் பக்கம் கிளம்பும். 40ஆம் பக்கத்திலிருந்து அச்சிடு என்றால் அது செவிசாய்க்காது. அனுப்பும் கணினியின் துறை (போர்ட்) எண் 721 முதல் 731 வரைதான் இருக்கலாம் என்பது விதி. பதினொன்றே துறைகள் என்பதால், சிறு கோப்புகள் நூற்றுக்கணக்கில் குவிந்தால் அவை காத்துக் கிடந்தன. எல்லாவற்றையும்விட மோசமானது, அச்சுப்பொறி தரும் ஒப்புதல் ‘கோப்பு வந்து சேர்ந்தது’ என்பதோடு நின்றதே. தாள் சிக்கினாலும், வரிசையில் காத்திருந்த அச்சுக் கோப்பு (ஸ்பூல் கோப்பு) முடிந்ததாகவே கணினி கணக்கிட்டது. சம்பளக் காசோலை அச்சிடும் அலுவலகம் இதை எப்படி ஏற்கும்?

1990களின் பிற்பாதியில் வந்த, பிஜேஎல் என்னும் அச்சுப்பணிக் கட்டளை மொழியைப் பயன்படுத்தும் இயக்கி நிரல் இதற்கு விடை தந்தது. இங்கே அச்சுப்பொறி மீண்டும் ஒரு சாதனமாகவே வரையறுக்கப்படுகிறது: சாதன வகுப்பு லேன், வகை 3812, மாதிரி 1, துறை எண் 9100. 3812 என்பது ஐபிஎம்மின் பழைய பக்க அச்சுப்பொறி ஒன்றின் எண். எந்த நிறுவனத்தின் லேசரானாலும் அந்த வேடத்தில்தான் உள்ளே வரும். வேடத்தால் ஒரு நன்மையும் உண்டு. அங்குலத்துக்கு 10 எழுத்து வீதம் 132 எழுத்துகள் 13.2 அங்குலம் பிடிக்கும். ‘சிஓஆர்’ சுழற்சியைத் தேர்ந்தால் அதே வரி 13.3 எழுத்து வீதமாகச் சுருங்கி, கிடைவாட்டில் சாதாரணத் தாளுக்குள் அடங்கிவிடும்.

பிஜேஎல் இருவழி உரையாடல் என்பதால் பிழைச் செய்திகள் திரும்பி வந்தன. எந்தப் பக்கத்திலிருந்து அச்சிடுவது என்று குறிப்பிடுவதும் வேலை செய்தது. ஆனால் தனிக்கணினிகளும் பங்கிடும் அச்சுப்பொறியை ஏஎஸ்/400 விடாமல் பிடித்துக்கொள்ளாதபடி, செயலற்ற நேர அளவைச் சரியாக அமைப்பது அவசியமாயிற்று. பிஜேஎல் அறியாத அச்சுப்பொறிகளுக்காக 2000இல் எஸ்என்எம்பி நெறிமுறைக்கான இயக்கியும், பின்னர் ஐபிபி நெறிமுறைக்கான இயக்கியும் சேர்ந்தன.

இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில் தொடரும் இத்தளத்தில் எல்பிஆரும் இருக்கிறது. சாதாரண அறிக்கைகளுக்கு அது போதும். காசோலையும் விலைச்சீட்டும் அச்சிடுவோர் அதை நம்பக் கூடாது.