நேதாஜியைச் சுமந்து வந்த கப்பல் தலைவர்



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, தன் கொள்ளுப்பாட்டி சொன்னதாக ஒரு செய்தியைக் கூறினான். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நேதாஜியைப் பினாங்குக்குக் கொண்டுவந்து இறக்கியதாம். கூறிவிட்டு, "அந்தக் கப்பலை ஓட்டியவர் யார், ஐயா?" என்று கேட்டான். எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒன்று, பாட்டி சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. மற்றொன்று, அந்த மாணவனுக்கு ஒரு பெயரை மட்டும் விடையாகச் சொல்லி அமர வைப்பது போதாது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அவர் பெயர் வெர்னர் முசன்பெர்க். ஜெர்மன் கடற்படை அதிகாரி. 1942 மே 16ஆம் நாள் பணியில் சேர்க்கப்பட்ட யூ-180 என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் முதல் தலைவர்.

கப்பலும் அதன் குறையும்

யூ-180 பிரேமன் நகரில் கட்டப்பட்டது. நெடுந்தொலைவுப் பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட பெரிய வகைக் கப்பல். நீளம் 87 மீட்டருக்கும் அதிகம். விரைந்து செல்ல வேண்டும் என்பதற்காக, சிறிய டார்பிடோ படகுகளில் பொருத்தும் ஆறு டீசல் இயந்திரங்களை இதில் பொருத்தினார்கள். வேகம் கிடைத்தது, அதனோடு தாங்க முடியாத வெப்பமும் கரும்புகையும் சேர்ந்து வந்தன. மறைந்து வாழவேண்டிய கப்பலுக்குப் புகையைவிடப் பெரிய பகை வேறில்லை. இவ்வகையில் இரண்டு கப்பல்களே கட்டப்பட்டன. அவற்றையும் பின்னர் சரக்குக் கப்பல்களாக மாற்றிவிட்டார்கள்.

இத்தகைய கப்பலில்தான் 1943 பிப்ரவரி 9ஆம் நாள் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து முசன்பெர்க் புறப்பட்டார். உடன் இரண்டு இந்தியப் பயணிகள். ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். மற்றவர் அவருடைய உதவியாளர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன்.

ஏன் இந்தப் பயணம்?

1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலிலிருந்து தப்பிய நேதாஜி, காபூல், மாஸ்கோ வழியாக அவ்வாண்டு ஏப்ரலில் பெர்லினை அடைந்தார். அங்கே சுதந்திர இந்திய மையத்தையும் வானொலியையும் ஒரு படையையும் அமைத்தார். எனினும் அவர் கேட்ட முதன்மையான ஒன்று கிடைக்கவில்லை. இந்திய விடுதலையை ஆதரித்து ஜெர்மனி வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார், ஹிட்லர் இணங்கவில்லை. இந்தியா வேறெவர் கையிலும் இருப்பதைவிடப் பிரித்தானியர் ஆட்சியில் இருப்பதே மேல் என்னும் கருத்தைத் தம் நூலிலேயே எழுதியவர் அவர். இதை நாம் மறக்கலாகாது.

இதற்கிடையில் கிழக்கே நிலைமை தலைகீழாகியிருந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள் பிரித்தானியப் படைகள் நம் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். மலாயாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் இலட்சக்கணக்கான இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் தமிழர். தம் களம் ஐரோப்பாவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பதை நேதாஜி உணர்ந்தார். 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தபோது கிழக்காசியப் பயணத்துக்கு இணக்கம் கிடைத்தது. வான்வழிப் பயணம் ஆபத்து என்பதால் கடல்வழி முடிவாயிற்று.

கடலுக்குள் 78 நாள்

வடகடலைச் சுற்றி அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மடகாஸ்கர் பக்கம் வருவதே வழி. கப்பலுக்குள் டீசல் நாற்றம், நடக்க இடமில்லை. உணவும் நம்மவர்க்கு ஒவ்வாதது. ஆபித் ஹசன் கப்பலின் உணவுக் கிடங்கில் அரிசியும் பருப்பும் இருக்கக் கண்டு கிச்சடி சமைத்தார். நேதாஜி அதை ஜெர்மன் அதிகாரிகளுக்கும் பகிர்ந்தளிக்கத் தொடங்கவே, இருக்கும் அரிசி விரைவில் தீர்ந்துவிடுமே என்று ஹசன் கலங்கினாராம்.

அந்த நெருக்கடிக்குள்ளும் நேதாஜியின் வேலை நிற்கவில்லை. தம் நூலைத் திருத்தினார். ஜப்பானியப் பிரதமர் டோஜோவிடம் எப்படிப் பேசுவது என்று ஹசனை டோஜோவாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். பெண்களுக்கென ஒரு படை அமைக்கும் எண்ணத்தைப் பற்றியும் அப்போதே பேசினார் என்று ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

ஹசன் வழியாக வந்த இன்னொரு செய்தியும் உண்டு. தாக்குதல் வேளை ஒன்றில் கப்பல் தவறுதலாக மேலெழும்பிவிட, எதிர்க்கப்பல் மோத வந்ததாம். முசன்பெர்க் விரைந்து மூழ்கச் செய்து உயிர் காத்தார். உள்ளே ஹசன் அச்சத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார். நேதாஜியோ, தாம் சொன்னதை ஏன் எழுதவில்லை என்று கடிந்துகொண்டார். ஆபத்து நீங்கியபின் முசன்பெர்க் தம் வீரர்களைக் கூட்டி, இந்தியப் பயணிகள் காட்டிய அமைதியை எடுத்துக்காட்டாகச் சொன்னாராம்.

இதுவரை சொன்னால் மாணவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அடுத்த பகுதியையும் நாம் சொல்லியாக வேண்டும்.

எண்ணெய்க் கப்பலில் இருந்தவர்கள்

1943 ஏப்ரல் 18ஆம் நாள், தென்னாப்பிரிக்காவுக்குக் கிழக்கே, நேதாஜி கப்பலில் இருக்கும்போதே, 'கோர்பிஸ்' என்னும் பிரித்தானிய எண்ணெய்க் கப்பலை முசன்பெர்க் டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தார். அதில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். அவர்கள் பிரித்தானியப் பேரரசை ஆண்டவர்கள் அல்லர்; கூலிக்குக் கடலோடியவர்கள். அக்காலப் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் இந்தியக் கடலோடிகள் பல்லாயிரம் பேர் வேலை செய்தனர். அப்போரில் ஜெர்மன், ஜப்பானிய நீர்மூழ்கிகளால் உயிரிழந்த இந்தியக் கடலோடிகள் ஆயிரக்கணக்கானோர். நம் தலைவரைச் சுமந்த கடற்படையே நம் மக்களையும் கொன்றது. இவ்விரண்டும் ஒரே போரின் ஒரே ஆண்டில் நடந்தவை.

மடகாஸ்கர் அருகே

ஏப்ரல் 26ஆம் நாள் மடகாஸ்கருக்கு அப்பால், குறித்த இடத்தில் ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கி காத்திருந்தது. அது புறப்பட்டு வந்த இடம் நம் பினாங்கு. கடல் கொந்தளித்ததால் இரு கப்பல்களும் அருகருகே சென்றபடி காத்திருக்க நேர்ந்தது. 28ஆம் நாள், கயிற்றின் துணையோடு இரப்பர் படகில் நேதாஜியும் ஹசனும் முழுக்க நனைந்தபடி மறுகப்பலை அடைந்தனர். விருந்தினருக்கு இந்தியச் சமையல் செய்து தருவதற்காகவே அக்கப்பலினர் பினாங்கில் மசாலைப் பொருள்கள் வாங்கி வந்திருந்தனர் என்றும் சொல்லப்படுகிறது.

முசன்பெர்க் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஐ-29 கொண்டுவந்த ஏறத்தாழ 2 டன் தங்கமும், ஜப்பானிய ஆயுத மாதிரிகளும், இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளும் அவர் கப்பலுக்கு மாறினர். மொத்தச் சரக்கு சுமார் 11 டன். ஜெர்மனி தன் பங்காகத் தொழில்நுட்ப வரைபடங்களையும் கருவிகளையும் கொடுத்தது. ஆக, நேதாஜியை ஏற்றிச் சென்றது இரு வல்லரசுகளின் கொடுக்கல் வாங்கலில் ஒரு பகுதி. நட்புக்காக மட்டும் எவரும் அவ்வளவு எரிபொருளைச் செலவிடவில்லை. நேதாஜி அதை அறியாதவரும் அல்லர்.

ஐ-29 மே மாதத் தொடக்கத்தில் சுமத்திராவின் வடமுனைக்கு அருகிலுள்ள சபாங் தீவில் நேதாஜியை இறக்கியது. அங்கிருந்து விமானத்தில் தோக்கியோ சென்றார். ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்; 4ஆம் நாள் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார்.

பாட்டியின் பிழை எங்கிருந்து வந்தது?

ஆகவே, ஜெர்மன் கப்பல் அவரைப் பினாங்கில் இறக்கவில்லை. ஆனாலும் பாட்டி கற்பனை செய்யவில்லை. அவ்வாண்டு ஜூலை முதலே ஜெர்மன் நீர்மூழ்கிகள் பினாங்குக்கு வரத் தொடங்கின. ஆகஸ்டு மாதம் யூ-178 என்னும் கப்பலில் வந்த வில்லெம் டோமஸ் என்னும் தலைவர், அங்கேயே தங்கி ஜெர்மன் தளத்தின் பொறுப்பாளரானார். பினாங்குத் தெருக்களில் ஜெர்மன் மாலுமிகளைக் கண்டவர்கள் இருந்தனர். நேதாஜி நீர்மூழ்கியில் வந்தார் என்ற செய்தியும் பரவியது. மக்கள் நினைவு இவ்விரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டது. மூத்தோர் சொல்லைப் "பொய்" என்று பிள்ளைகள் முன் ஒதுக்காமல், அது எவ்வாறு உருவாயிற்று என்று விளக்குவதே நல்ல வரலாற்றுப் பாடம்.

பிறகு நடந்தவை

திரும்பும் வழியில் ஜூன் 3ஆம் நாள் 'போரிஸ்' என்னும் கிரேக்கக் கப்பலையும் முசன்பெர்க் மூழ்கடித்தார். ஜூலை 3ஆம் நாள் பிரான்சின் போர்தோ துறைமுகத்தை அடைந்தார். நீர்மூழ்கித் தலைவராக அவர் மேற்கொண்ட போர்ப் பயணம் இது ஒன்றே. 1944 தொடக்கத்தில் பொறுப்பு வேறொருவரிடம் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் யூ-180 பிஸ்கே விரிகுடாவில் 56 பேருடன் மறைந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஜூலை 26ஆம் நாள், ஐ-29 பிலிப்பைன்சுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றால் மூழ்கடிக்கப்பட்டது. நேதாஜியைச் சுமந்த இரு கப்பல்களும் இன்று கடலடியில் உள்ளன.

அவர் வந்திறங்கியதால் இங்கே விளைந்தது என்ன? 1943 அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி தலைமையிலான அப்படையில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாத் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணால்கூடக் காணாதவர்கள். பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி ஏந்தின. தோட்டத் துரையின் முன் தலைகுனிந்து நின்ற சமுதாயம் நிமிர்ந்து நிற்கக் கற்றது. போருக்குப் பின் இந்நாட்டில் எழுந்த இந்தியர் இயக்கங்களிலும் அந்த நிமிர்வின் தடம் உண்டு.

அதே அக்டோபர் மாதத்தில்தான் சயாம்–பர்மா மரண இரயில் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. நம் ஜொகூர் உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழர் அதன் ஓரத்தில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டு கிடந்தனர். ஒரே லயத்தில் ஒரு வீட்டிலிருந்து பிள்ளை நேதாஜியின் படைக்குப் போனது. பக்கத்து வீட்டுத் தகப்பன் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு வீட்டின் பேரப்பிள்ளைகளும் இன்று நம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் கதையை மட்டும் சொன்னால், மற்ற வீட்டுப் பிள்ளைக்கு நாம் அநீதி செய்கிறோம்.

வகுப்பறைக்கு ஒரு வழி

ஆசிரியர்கள் ஓர் உலக வரைபடத்தில் இந்தப் பயணத்தை மாணவர்களை வரையச் சொல்லலாம். கீலிலிருந்து மடகாஸ்கர் வரை ஒரு வண்ணம். அங்கிருந்து சபாங் வரை இன்னொரு வண்ணம். தோக்கியோ, சிங்கப்பூர் வரை விமானக் கோடு. 'கோர்பிஸ்' மூழ்கிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. சயாம் பாதையில் மற்றொரு புள்ளி. பெற்றோர்கள் தம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவு இருக்கும்போதே, அவர்கள் கேட்டதையும் கண்டதையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைக்கச் செய்யுங்கள். சரி பிழை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் வகுப்பிலும் அப்படி ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டியுள்ளோம். கேள்வி கேட்ட மாணவன் கப்பல் தலைவரின் பெயரைத் தன் கையால் எழுதினான். பிறகு அந்தக் கறுப்புப் புள்ளியைச் சுட்டிக்காட்டி, "இவர்கள் பெயரெல்லாம் யாருக்காவது தெரியுமா, ஐயா?" என்றான். இம்முறை அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. ஆனால் அவன் கேட்கத் தொடங்கிவிட்டான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.