சோர்க்கி-4 ஒளிப்படக்கருவியில் ஷட்டர் வேகம்

சோர்க்கி-4 என்பது சோவியத் ஒன்றியத்தில், மாசுக்கோவிற்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் பொறிமுறைத் தொழிற்சாலையில் 1956 முதல் 1973 வரை தயாரிக்கப்பட்ட 35 மிமீ படச்சுருள் ஒளிப்படக்கருவி ஆகும். ஏறத்தாழ 17 இலட்சம் கருவிகள் தயாரிக்கப்பட்டன. இதில் மின்கலமோ ஒளிமானியோ இல்லை. ஷட்டர் வேகத்தைப் பயனரே தம் கையால் அமைக்க வேண்டும். அவ்வாறு அமைக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஒழுங்கைப் பின்பற்றாவிடின் படம் பிழையாவதுடன் ஷட்டரின் பொறிமுறையும் பழுதடையக்கூடும்.

ஷட்டர் இயங்கும் முறை

படச்சுருளுக்குச் சற்று முன்னே இரண்டு துணித்திரைகள் அமைந்துள்ளன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை பக்கவாட்டில் ஓடிப் படச்சுருளை ஒளிக்குத் திறந்துவிடுகிறது. இரண்டாம் திரை அதனைத் தொடர்ந்து ஓடி மூடிவிடுகிறது. திரைகள் ஓடும் வேகம் எல்லா அமைப்புகளிலும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டாம் திரை எவ்வளவு பின்தங்கிப் புறப்படுகிறது என்பதே மாறுகிறது. 1/500 போன்ற உயர் வேகங்களில் முதல் திரை மறுமுனையை அடையும் முன்பே இரண்டாம் திரை புறப்பட்டுவிடுவதால், ஓர் ஒடுங்கிய பிளவு மட்டுமே படச்சுருளின் குறுக்கே நகர்கிறது. ஒரு நொடி போன்ற மெதுவான வேகங்களில், பற்சக்கரத் தொகுதி ஒன்று இரண்டாம் திரையைத் தடுத்து நிறுத்தித் தாமதப்படுத்துகிறது.

வேக வட்டு

மேற்புறத்திலுள்ள வட்டில் 1 நொடி முதல் 1/1000 நொடி வரையான வேகங்கள் குறிக்கப்பட்டுள்ளன. வட்டில் 125 என்று இருந்தால் அது 1/125 நொடியைக் குறிக்கும். 'பி' என்னும் அமைப்பில், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்.

தொடக்ககாலக் கருவிகளில் 25, 50, 100 என்ற பழைய வரிசையும், பிந்தியவற்றில் 30, 60, 125 என்ற வரிசையும் காணப்படுகின்றன. இன்றைய ஒளிமானி 1/125 எனக் காட்டினால், பழைய வரிசை உள்ள கருவியில் 1/100 ஐப் பயன்படுத்தலாம். இவ்வேறுபாடு ஒரு படிநிலையின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஆகும். வில்லைத் துளையை இரு குறிகளுக்கு இடையில் நிறுத்தலாம். வேக வட்டை அவ்வாறு நிறுத்தலாகாது.

முதலில் விசையேற்றல், பின்னர் வேகம்

படச்சுருளை நகர்த்தும் குமிழைத் திருகும்போதே ஷட்டரின் சுருள்விற்களும் முறுக்கேறுகின்றன. கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பதை ஒத்த இச்செயலை விசையேற்றல் எனலாம். சோர்க்கி-4 இன் வேக வட்டு திரைகளின் அச்சுடன் இணைந்தது. ஆதலால் விசையேற்றும்போதும் படமெடுக்கும்போதும் வட்டும் சேர்ந்து சுழல்கிறது. விசையேற்றாத நிலையில் குறிக்கு நேராக நிற்கும் எண் உண்மையான வேகம் அன்று. அந்நிலையில் வட்டைத் திருப்பினால் தவறான வேகம் அமையலாம். உட்பாகங்கள் இடம் மாறிச் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

சரியான ஒழுங்கு பின்வருமாறு:

1. குமிழை இறுதிவரை திருகி விசையேற்றுக.
2. வேக வட்டை மேலே தூக்குக.
3. வேண்டிய எண் குறிக்கு நேராக வரும்வரை திருப்புக.
4. வட்டைக் கீழே இறங்கவிட்டு, அது முழுமையாகப் பதிந்துள்ளதா எனப் பார்க்க.
5. படமெடுக்க.

விசையேற்றிய பின் வேகத்தை எத்தனை முறை மாற்றினாலும் படச்சுருளில் ஒரு படமும் வீணாவதில்லை. வட்டோ குமிழோ இறுகி நின்றால் வலிந்து திருப்பாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நன்று.

இவ்விதி எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துவதன்று. 1954 இல் வெளிவந்த லைக்கா எம்3 இன் வேக வட்டு சுழல்வதில்லை. எனவே அதில் விசையேற்றும் முன்போ பின்போ வேகத்தை மாற்றலாம். காம்ப்பர் ராப்பிட் போன்ற இதழ் ஷட்டர்களில் மிகவுயர் வேகத்திற்குத் தனிச் சுருள்வில் உண்டு. ஆகவே அவற்றில் 1/500 ஐ விசையேற்றும் முன்னரே அமைத்தல் வேண்டும். பழைய கருவியொன்றைப் பெறுபவர், அது எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வேகத்தைத் தெரிவுசெய்தல்

ஒளிமானி இல்லாதபோது, நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 படச்சுருளுக்கு எஃப்/16, 1/125 என்னும் அமைப்பு ஏற்றது. வேகத்தை ஒரு படி கூட்டினால் துளையையும் ஒரு படி திறக்க வேண்டும். எஃப்/11 இல் 1/250, எஃப்/8 இல் 1/500 ஆகியனவும் அதே அளவு ஒளியையே தருகின்றன. ஆயினும் ஓடும் சிறுவனை உறையச்செய்ய 1/500 உதவும். அருகும் தொலைவும் ஒருங்கே தெளிவாக அமைய எஃப்/16 உதவும்.

50 மிமீ வில்லையுடன் கையில் பிடித்து எடுக்கையில் 1/50 அல்லது 1/60 க்குக் குறையாத வேகம் நலம். அதற்கும் மெதுவான வேகங்களுக்கு முக்காலி தேவை. மின்னணு பிளாசுக்கு 1/25 அல்லது 1/30 ஐப் பயன்படுத்த வேண்டும். அதனினும் உயர்ந்த வேகங்களில் சட்டகம் முழுதும் ஒரே நேரத்தில் திறவாமையால், படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும்.

சோதித்தலும் பேணுதலும்

படச்சுருள் இடும் முன் பின்மூடியைக் கழற்றி, வில்லையையும் அகற்றி, வெண்மையான சுவரை நோக்கி 1/1000 இல் ஷட்டரை இயக்கிப் பார்க்கலாம். சட்டகத்தின் ஒரு பக்கத்தில் ஒளியே தெரியாவிடின், இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். ஒரு நொடி அமைப்பில் பற்சக்கர ஒலி இடையில் நின்றுபோனால், எண்ணெய் இறுகியிருக்கலாம். வெளியிலிருந்து எண்ணெய் விடுதல் கூடாது. அது திரைகளில் பரவிக் கேடு விளைவிக்கும்.

படமெடுக்காத வேளைகளில் வில்லையை மூடி வைத்தல் அவசியம். இவ்வகைக் கருவியில் கண்ணாடி இல்லாததால், வில்லை குவிக்கும் சூரிய ஒளி நேரே துணித்திரையில் விழுந்து துளையிட்டுவிடக்கூடும். நெடுநாள் பயன்படுத்தாது வைக்கும்போது விசையேற்றிய நிலையில் வைத்தலையும் தவிர்க்க வேண்டும்.