லிசிஸ்ட்ராட்டா: ஒரே நாளில் 59 நாடுகளில் வாசிக்கப்பட்ட நகைச்சுவை நாடகம்

2003ஆம் ஆண்டு மார்ச் 3 அன்று, 59 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே நாடகம் வாசிக்கப்பட்டது. அது கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் எழுதிய ‘லிசிஸ்ட்ராட்டா’. ஈராக் மீது அமெரிக்கா போர் தொடுக்கவிருந்த நேரத்தில், அதற்கு எதிர்ப்புத் தெரிவிக்க நியூயார்க் நடிகைகள் கேத்ரின் புளூம், ஷாரன் போவர் ஆகிய இருவரும் இம்முயற்சியைத் தொடங்கினர். இது ‘லிசிஸ்ட்ராட்டா திட்டம்’ எனப்பட்டது.

நாடகமும் காலமும்

ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான பெலோபொனீசியப் போர் கி.மு. 431இல் தொடங்கியது. கி.மு. 413இல் சிசிலித் தீவுக்கு அனுப்பிய பெரும்படையை ஏதென்ஸ் பறிகொடுத்தது. அந்தத் துயரம் ஆறுவதற்குள், கி.மு. 411இல், இந்நாடகம் அரங்கேறியது.

ஏதென்ஸ் நகரப் பெண்ணான லிசிஸ்ட்ராட்டா, பகை நாட்டுப் பெண்களையும் அழைத்துக் கூட்டம் நடத்துகிறாள். சமாதானம் வரும்வரை கணவரோடு கூடுவதில்லை என்று அவர்கள் சபதம் செய்கின்றனர். மூத்த பெண்களோ அக்ரோபோலிஸ் குன்றைக் கைப்பற்றுகின்றனர். போருக்கான பணம் அங்கிருந்த கருவூலத்தில்தான் இருந்தது. தடுக்க வரும் அதிகாரியிடம், சிக்குண்ட நூலைப் பிரிப்பது போல நாட்டின் சிக்கலையும் பிரிக்கலாம் என்று அவள் விளக்குகிறாள். பிள்ளைகளைப் பெற்றுப் போருக்கு அனுப்பும் பெண்களுக்கு அதில் பேச உரிமை உண்டு என்பதே அவளது வாதம்.

மக்களே நடித்த அரங்கு

ஏதென்ஸ் நகைச்சுவை நாடகங்களில் 24 பேர் கொண்ட பாடற்குழு இருந்தது. அதில் பாடி ஆடியவர்கள் சாதாரணக் குடிமக்கள். பயிற்சிச் செலவை வசதி படைத்த ஒருவர் ஏற்றார். கதையை நிறுத்திவிட்டு, பாடற்குழு பார்வையாளர்களை நோக்கி நாட்டு நடப்பைப் பேசுவதும் வழக்கம். இப்பகுதி ‘பராபசிஸ்’ எனப்படும். லிசிஸ்ட்ராட்டாவில் முதியவர்கள் ஓரணியாகவும் முதிய பெண்கள் ஓரணியாகவும் பாடற்குழு பிரிந்து நிற்கிறது. நகரத்துக்குப் பயனுள்ள அறிவுரை கூற வந்திருப்பதாகப் பெண்கள் அணி அறிவிக்கிறது. எனினும், அன்று அந்தப் பெண் வேடங்களையும் முகமூடி அணிந்த ஆண்களே ஏற்றனர். மக்கள் பேரவையில் பேசவோ வாக்களிக்கவோ பெண்களுக்கு உரிமை இல்லை.

2003இல்

அரங்குகள், கல்லூரிகள், வீடுகள் எனப் பல இடங்களில் வாசிப்புகள் நடந்தன. மேடை அமைப்போ மனப்பாடமோ தேவைப்படவில்லை. பிரதியைக் கையில் வைத்தே வாசிக்கலாம் என்பதால் நடிப்புப் பயிற்சி இல்லாதவர்களும் பங்கேற்றனர். நாடகத் தழுவல்கள் இணையம் வழியாகப் பகிரப்பட்டன. பல ஊர்களில் வாசிப்பு முடிந்ததும் போர் பற்றிய பொது உரையாடல் நடைபெற்றது. பழைய நாடகத்தில் பாடற்குழு செய்த வேலையை இங்கு பார்வையாளர்களே எடுத்துக்கொண்டனர். ஒருகாலத்தில் ஆண்கள் மட்டுமே பேசிய வசனங்களைப் பெண்கள் தம் குரலில் வாசித்தனர்.

விளைவு

இரு முறையும் போர் நிற்கவில்லை. கி.மு. 411இல் நாடகம் அரங்கேறிய சில மாதங்களிலேயே ‘நானூற்றுவர்’ என்ற குழு ஏதென்ஸின் மக்களாட்சியைக் கவிழ்த்தது. மக்களாட்சி அடுத்த ஆண்டு மீண்டாலும், கி.மு. 404இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. 2003இல், வாசிப்பு நடந்து 17 நாட்களில், மார்ச் 20 அன்று, ஈராக் போர் தொடங்கியது. ஆயினும், போரை முடிவு செய்யும் அவையில் இடமில்லாதவர்கள் அதைப் பற்றிப் பொதுவெளியில் பேச, 2,400 ஆண்டுப் பழைய ஒரு சிரிப்பு நாடகம் வழி செய்தது.