பெயர் மறைத்தவர்களும் பெயர் பொறித்தவர்களும்

பொது மன்றத்தில் ஒருவன் எழுந்து பேசினால் "நீ யார்?" என்னும் கேள்வி உடனே எழுகிறது. பிறருக்கு இஃது அறிமுகக் கேள்வி. நம் சமுதாயத்தாருக்கோ பல வேளைகளில் பேச்சையே நிறுத்திவிடும் கேள்வியாக இருந்து வந்துள்ளது. ஊர், தெரு, தகப்பன் பெயர் என்று விசாரணை நீளும். விடை கிடைத்ததும் அவன் சொன்ன கருத்து காற்றில் விடப்படும். அவன் பிறப்பே விவாதப் பொருளாகிவிடும். ஆகவே பெயரை மறைத்துப் பேசுவதா, பெயரைச் சொல்லிப் பேசுவதா என்பது நம் முன்னோர் நூறாண்டுகளுக்கு முன்னரே நேருக்கு நேர் கண்ட சிக்கல். அதனை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்று கருதிச் சில செய்திகளை ஈண்டு தொகுத்துரைக்கிறோம்.

திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1939ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். ஆயினும் அதிலுள்ள பள்ளிப் பருவச் செய்தியைப் படிப்பவர் எளிதில் மறக்க இயலாது. கோயமுத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களுள் பத்துப் பேர் தவிர மற்றையோர் அனைவரும் பிராமணர். உடன் பயில்வோரிடம் நட்புக் கொண்டால் சாதி, குடும்பம், இருப்பிடம் யாவும் வெளிப்பட்டுவிடும் என்று அந்தச் சிறுவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் எவரும் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். விளையாட்டு இல்லை, தோழர் இல்லை. எவரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் எவரிடமும் பொய் கூறவில்லை. கேள்வி எழுவதற்கே இடங்கொடாமல் இருப்பதற்காக ஒரு சிறுவனின் இளமை செலவாயிற்று. இதனைக் கோழைத்தனம் என்று எவரேனும் கூறுவாராயின், அவர் அந்த வகுப்பறையில் ஒரு நாளும் அமர்ந்தவரல்லர் என்றே நாம் கொள்வோம்.

அச்சிறுவரே வளர்ந்து, நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றி, 1890இல் சென்னைக்கு வந்தார். 1893ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. எந்தச் சொல் தம்மீது வந்து விழுமோ என்று அஞ்சி ஓடினாரோ, அந்தச் சொல்லையே முகப்பில் பெரிய எழுத்தில் பொறித்துக் கடைத்தெருவிற்கு அனுப்பினார். அவர் கூறிய காரணம் தெளிவானது. அப்பெயருக்கு உரியவன் நான்தான் என்று ஒவ்வொருவனும் முன்வந்தாலன்றி, நம் மக்கள் உரிமை கோர முடியாமல் தாழ்ந்தே கிடப்பர் என்பது அவர் கருத்து. நான்கு பக்கமே கொண்ட அவ்விதழ் இரண்டே நாளில் சென்னை நகரில் மட்டும் 400 படிகள் விற்றதாக அவர் எழுதுகிறார். மாத இதழாகப் பிறந்தது மூன்று மாதங்களில் வார இதழாயிற்று. இரண்டாண்டுகளில் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. அதற்கு முன்னரும் 1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்' என நம்மவர் இதழ்கள் தோன்றியிருந்தன. எனினும் பெயரைக் குறித்த துணிவில் சீனிவாசனாரின் இதழ் தனித்து நின்றது எனலாம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி ஒவ்வோர் இதழும் அச்சிட்டவர் பெயரையும், வெளியிட்டவர் பெயரையும், இடத்தையும் பொறித்தாக வேண்டும். கடிதம் எழுதும் வாசகருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. பண்ணையில் கூலி வேலை செய்பவன் தன் மிராசுதாரரைப் பற்றி எழுதித் தன் பெயரையும் இட்டால், மறுநாள் அவனுக்கு வேலையும் இராது, குடியிருக்கும் மனையும் இராது. ஆகவே யார் பெயர் மறைந்தாலும், யாரேனும் ஒருவர் பெயர் வெளியே நின்று அடியைத் தாங்க வேண்டியிருந்தது. 1896இல் 'பறையன்' இதழில் வெளியான ஒரு கடிதத்தின் பொருட்டுச் சீனிவாசனார் வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டார். நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் நூறு ரூபாய் சிறு தொகையன்று. ஆனால் நம் மக்கள் பணப்பையுடன் மன்றத்திற்கே திரண்டு வந்து அத்தொகையைச் செலுத்தினர் என்று அவர் பெருமிதத்தோடு குறிப்பிடுகிறார். பெயர் சொல்லி நின்றவர் ஒருவர்; அவரைத் தாங்கிப் பிடித்தவர் பெயர் தெரியாத பலர். இந்த உறவை நன்கு உணர்ந்தாலன்றி அக்கால இதழ்களின் வலிமை நமக்குப் புலப்படாது.

பலர் ஒருங்கே பெயர் கொடுத்த நிகழ்ச்சியும் உண்டு. 1893இல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாறாயின் அதிகாரம் முழுவதும் உயர்சாதியார் கைக்கே போய்ச் சேரும் என்று சீனிவாசனாரும் அவர் நண்பர்களும் அஞ்சினர். அதனை எதிர்த்து 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்று பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. அவர்கள் கொண்ட நிலைப்பாடு சரியா என்பது பற்றி இன்று இருவேறு கருத்து இருக்கலாம். அது வேறு ஆராய்ச்சி. தனியொருவன் எழுதினால் ஆபத்தாகும் பெயர், மூவாயிரம் பெயர்களோடு சேர்ந்து 112 அடித் தாளில் ஏறும்போது அரணாகிறது என்பதே நாம் இங்குக் கருதும் செய்தி.

எந்தப் பெயர் உண்மைப் பெயர் என்பதிலும் நம் முன்னோரிடையே கடும் கருத்து வேறுபாடு இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரும் சீனிவாசனாரும் உறவால் மைத்துனர்கள். கொள்கையால் அடிக்கடி மோதிக்கொண்டவர்கள். பண்டிதருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே அவர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். பிறப்பால் வந்த பெயரினும் கல்வியால் வந்த பெயரே தமக்கு உரியது என அவர் கொண்டார் போலும். 'பறையன்' என்பது பகைவர் சுமத்திய பெயர், அதனை நாமே ஏந்துவது தகாது என்பது அவர் துணிபு. 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்போதே நம் மக்களைப் பூர்வத் தமிழர் எனப் பதிய வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. மறு ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. கோலார் தங்கவயலிலும், கடல் கடந்த நாடுகளிலும் அதற்கு வாசகர் இருந்தனர். அவர்கள் வினா அனுப்புவர். பண்டிதர் விடை எழுதுவார். எழுத்து மட்டுமே ஊர் கடந்து செல்லும் அந்த விவாத மன்றத்தில், வினவுபவன் எந்தத் திண்ணையில் அமரத் தகுதியற்றவன் என்று எவரும் அவனை எழுப்பிவிட இயலாது.

மைத்துனர் இருவருள் எவர் சரி? 'பறையன்' என்று பொறித்தவரும், 'தமிழன்' என்று பொறித்தவரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டனர் என்பதே எம் எண்ணம். நமக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் நம்மிடமே இருத்தல் வேண்டும் என்பதே அது. 1922இல் எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் என்னும் பெயருக்காகத் தீர்மானம் கொண்டுவந்ததும் இதே போராட்டத்தின் தொடர்ச்சியாகும்.

வடக்கேயும் இதே கதைதான். அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று 1917இல் பரோடா அரசுப் பணியேற்கச் சென்றபோது, தங்குவதற்கு அந்நகரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்றனர். வேறு வழியின்றி ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதச் செய்து தங்கினார். பதினோராம் நாள் காலை, கையில் தடியுடன் பார்சிகள் பலர் திரண்டு வந்து அவரை வெளியேற்றினர். அவர் அறிவோ, பட்டமோ, அரசரின் ஆதரவோ அன்று அவருக்கு உதவவில்லை. மாற்றுப் பெயர் தந்த நிழல் பத்து நாளைக்குத்தான். பொதுப் பூங்காவில் துயரத்தோடு அமர்ந்திருந்ததைப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1920ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழ் பம்பாயில் பிறந்தது. வாய் பேசாதோரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அதற்குக் கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜா 2500 ரூபாய் உதவினார். அண்ணல் அப்போது சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர், அரசுப் பணியாளர். ஆகவே ஆசிரியராகப் பாண்டுரங்க நந்தராம் பட்கர் பெயரே இதழில் நின்றது, இயக்கியவர் அண்ணல். ஏழாண்டு கழித்து, மகாத் குளத்துப் போராட்டம் நடந்த 1927இல், 'பகிஷ்கிருத பாரத்' இதழைத் தம் பெயரிலேயே ஆசிரியராக நின்று வெளியிட்டார். மறைவில் நிற்க வேண்டிய காலத்தில் மறைவில் நின்றார். பெயர் நிற்க வேண்டிய காலத்தில் பெயரை நிறுத்தினார். இதில் முரண்பாடு காண்போர் வேளாண்மை அறியாதவர். விதை மண்ணுக்குள் இருக்கும் காலமும் ஒன்று உண்டல்லவா?

இன்றும் நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் இளைஞன் வீட்டுக்காரரின் சுற்றி வளைத்த வினாக்களுக்கு விடை சொல்லத் தயங்குகிறான். அலுவலகத்தில் இட ஒதுக்கீட்டைப் பற்றிய ஏளனப் பேச்சு எழும்போது வாய் திறந்தால் தன் சாதி வெளிப்படுமே என்று மௌனமாகிறான். புனைபெயரில் எழுதும் நம் பெண்களும் உளர். "உண்மையான கருத்தென்றால் உண்மைப் பெயரோடு சொல்" என்று அவர்களிடம் வாதிடுவோர் பலர். அப்படிக் கேட்பவர் அப்பெயரைக் கொண்டு என்ன செய்யப் போகிறார் என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்போம். அதே வேளையில், பெயரின்றி எழுதும் வசதியைக் கொண்டு நம் சமுதாயத்தாரை இழித்துரைக்கும் கோழைகளும் உண்டு. அடி வாங்காமலிருக்க முகத்தை மறைப்பதும், அடித்துவிட்டுத் தப்புவதற்கு முகத்தை மறைப்பதும் ஒன்றாகா. நம்முள்ளும் சிலர் உட்பகை காரணமாக மொட்டைக் கடிதம் எழுதிச் சொந்தச் சங்கத்தாரையே அலைக்கழிக்கின்றனர். அதற்கு அயோத்திதாசரையோ அண்ணலையோ சான்று காட்ட இயலாது.

பண்டிதரின் எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்களின் முயற்சியால் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக வெளிவந்தன. சீனிவாசனாரின் 'பறையன்' இதழுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அதன் படிகள் பெரும்பாலும் அழிந்துபட்டன. சென்னை அரசினர் இதழ்களைக் கண்காணிப்பதற்காக ஆங்கிலத்தில் எழுதி வைத்த அறிக்கைகளில் சில பகுதிகளின் மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சியுள்ளது. இரண்டு நாளில் விற்ற அந்த 400 படிகளும் எவரெவர் வீட்டிற்கோ சென்றவைதாம். உறுப்பினர்கள் தத்தம் வீட்டுப் பழைய பெட்டிகளிலும், பாட்டனார் வைத்துச் சென்ற தாள் கட்டுகளிலும், கரையான் அரித்த ஏடாயினும் கிடைத்தால் எறிந்துவிடாமல் நம் சங்க நூலகத்திற்குக் கொண்டுவந்து தருமாறு வேண்டுகிறோம். கொடுத்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதா, வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யலாம்.